திரும்பி வரும் கணக்கு

முத்துக் குளிப்பவனுக்கு மூச்சு முட்டினால் மேலே வந்துவிடலாம். அவன் தலைக்கு மேல் வானம் இருக்கிறது. நீர் நிறைந்த குகைக்குள் நுழைந்தவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் தலைக்கு மேல் இருப்பது பாறை. வந்த வழியே திரும்பினால்தான் உயிர். ஆகவே அந்தத் தொழிலில் துணிச்சலுக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் கணக்குக்கு. இதை உலகுக்கு உணர்த்தியவர், பொருத்தமாக, ஒரு பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர். அவர் பெயர் ஷெக் எக்ஸ்லி.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஜாக்ஸன்வில் நகரில் எக்ஸ்லி பிறந்தார். அந்த மாநிலத்தின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படி அரித்து, மைல் கணக்கில் சுரங்கங்களை உண்டாக்கியிருக்கிறது. அவற்றின் வாயில்தான் கண்ணாடி போன்ற ஊற்றுகள். பார்ப்பவரை வா என்று அழைக்கும் அழகு அது. 1966இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, எக்ஸ்லி அந்த அழைப்புக்குச் செவிசாய்த்தார். 1972இல், இருபத்து மூன்று வயதளவில், ஆயிரம் முறை குகைகளில் மூழ்கி மீண்ட முதல் மனிதர் என்ற பெயரைப் பெற்றார்.

அந்த ஆண்டுகளில் அந்த ஊற்றுகளில் இறந்தவர்கள் பலர். அவர்களில் நீச்சலில் தேர்ந்தவர்களும் உண்டு. கடலில் மூழ்கிப் பழகியவர்களும் உண்டு. ஊரார் அதை விதி என்றார்கள். சிலர் ஊற்றுகளையே மூடிவிட வேண்டும் என்றார்கள். எக்ஸ்லி ஒரு விஞ்ஞானி செய்ய வேண்டியதைச் செய்தார். ஒவ்வொரு மரணத்தையும் எடுத்துக்கொண்டு, எது முதலில் தவறியது, அதன்பின் எது தவறியது என்று வரிசைப்படுத்தினார். அந்த ஆராய்ச்சியின் பயனாக 1979இல் குகை முக்குளிப்பைப் பற்றி ஒரு சிறு கையேடு வெளியிட்டார். அதன் பாடங்கள் நடந்த விபத்துகளையே அடிப்படையாகக் கொண்டவை. இறந்தவர்களையே ஆசிரியர்களாக்கிய நூல் அது எனலாம்.

அவர் கண்டவை மூன்று காரணங்கள். முதலாவது, வாயிலிலிருந்து இடையறாத வழிக்கயிறு இல்லாமை. தெளிந்த நீரில் கயிறு எதற்கு என்று தோன்றும். ஆனால் காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை தரையைத் தட்டினால் போதும். வண்டல் கிளம்பி, கையில் உள்ள விளக்கே கண்ணுக்குத் தெரியாது. அப்போது கை தொட்டுச் செல்லும் கயிறு ஒன்றே வழி.

இரண்டாவது, காற்றைப் பங்கிடத் தெரியாமை. உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு, திரும்பி வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. சிலிண்டரில் 210 அலகு அழுத்தம் இருந்தால், 70 செலவானதும் எவ்வளவு அழகான மண்டபம் எதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். மிச்சமுள்ள ஒரு பங்கு யாருக்கு? மிகத் தொலைவான இடத்தில் தோழனுடைய காற்று நின்றுவிட்டால், அது அவனுக்கு.

மூன்றாவது, ஆழம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுவது நாமறிந்த பௌதிகம். 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் தரையில் இழுப்பதைப் போல நான்கு மடங்கு காற்றை விழுங்கும். மேலும் ஆழம் போனால் நைட்ரஜன் கள்ளைப் போல மூளையை மயக்கும். போட்ட கணக்கு மறக்கும். தகுந்த பயிற்சி, ஆளுக்கு மூன்று விளக்கு என்ற இரு விதிகளைப் பின்வந்தவர்கள் சேர்த்தார்கள்.

கருவிகளிலும் அவர் இதே கண்ணோடு இருந்தார். உயிர் தொங்குகிற எதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டு மூச்சுக்கருவிகள் வேண்டும். அவற்றில் ஒன்றின் குழாய் நீளமாக இருக்க வேண்டும். குறுகிய வழியில் இருவர் முன்னும் பின்னுமாக வரும்போதும் தோழனுக்கு மூச்சுக் கொடுக்க அது உதவும். அந்த ஏற்பாட்டைப் பரப்பிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

இத்தனையும் செய்துகொண்டே லைவ் ஓக் என்ற சிற்றூரில் கணக்குப் பாடமும் நடத்தி வந்தார். 1989இல் மெக்ஸிகோவின் மாந்தே ஊற்றில் 881 அடி, அதாவது ஏறத்தாழ 268 மீட்டர், இறங்கினார். இறங்கியது நிமிடக் கணக்கில். இரத்தத்தில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்காகப் படிப்படியாக நின்று நின்று ஏறியதோ பத்து மணி நேரத்துக்கும் மேல். வழியில் வேண்டிய சிலிண்டர்களை முன்கூட்டியே கயிற்றில் வைத்திருந்தார். 1993இல் தென்னாப்பிரிக்காவில் 263 மீட்டரில், அழுத்தத்தால் உடல் நடுங்கிய நிலையிலும் மீண்டு வந்தார்.

1994 ஏப்ரல் 6ஆம் நாள், மெக்ஸிகோவின் ஸகாத்தோன் என்ற ஆழ்கிணற்றில் ஜிம் போடனும் அவரும் தனித்தனிக் கயிற்றில் இறங்கினார்கள். போடன் 282 மீட்டர் வரை சென்று மீண்டார். எக்ஸ்லி மீளவில்லை. நாற்பத்தைந்து வயது நிரம்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பின்னர் உடல் கிடைத்தது. காரணம் இன்னதென்று உறுதியாகத் தெரியவே இல்லை.

விதி வகுத்தவரே இறந்தார் என்றால், விதிகளுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவருடைய விதிகள் பலர் சென்று, சிலர் மீண்டு, சிலர் மாண்ட இடங்களிலிருந்து பிறந்தவை. 270 மீட்டரிலோ அழுத்தம் இருபத்தெட்டு மடங்கு. அங்கு சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாடம் சொல்லப் போதிய விபத்துகள்கூட அங்கு நிகழ்ந்திருக்கவில்லை. வரைபடத்தில் கடைசிப் புள்ளிக்கு அப்பால் கோட்டை நீட்டும்போது நாம் செய்வதைத்தான் அவர் தம் உடலைக் கொண்டு செய்தார். அவருடைய துணிவை நான் போற்றுகிறேன். ஆனால் பின்பற்றத்தக்கவர் கயிறு கட்டச் சொன்ன எக்ஸ்லியே என்பது என் துணிபு.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டார்கள். வழிக்கயிறு கட்டிக்கொண்டே சென்ற இரு முக்குளிப்பவர்கள்தான் அவர்களைக் கண்டார்கள். சிலிண்டர்களை வழிநெடுக வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பதின்மூன்று பேரையும் மீட்டார்கள். அந்த வேலையில் தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் உயிர் நீத்ததையும் மறத்தலாகாது.

நண்பர்களே, நம்மில் குகைக்குள் போகிறவர்கள் இல்லாமலிருக்கலாம். ஆனால் அமிலத்தோடும் மின்சாரத்தோடும் உயர் அழுத்த வாயுவோடும் நாள்தோறும் பழகுகிறவர்கள் உண்டு. வருமுன் காப்பதைக் கோழைத்தனம் என்று எவரேனும் நகைத்தால், அந்தக் கணக்கு ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தோழனுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே நுழையச் சொன்னவர் அவர்.