கே. வி. ஐயர்

கே. வி. ஐயர் (கோலார் வெங்கடேச ஐயர், 1897 - 1980) பெங்களூரில் வாழ்ந்த உடற்பயிற்சி ஆசிரியரும் கன்னட எழுத்தாளரும் ஆவார். பேராசிரியர் ஐயர் என்று பரவலாக அறியப்பட்டார். பாரந்தூக்குதல், சூரிய நமஸ்காரம், யோகாசனம் ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சித் திட்டத்தில் இணைத்துக் கற்பித்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். இதயத்துக்கும் மூச்சுக்கும் உரிய பயிற்சியையும் தசை வலிமைக்கு உரிய பயிற்சியையும் சேர்த்துச் செய்யும் இன்றைய வழக்கத்துக்கு, இவருடைய முறை இந்தியாவில் தோன்றிய ஒரு முன்மாதிரியாகும்.

காலப் பின்னணி

ஐரோப்பாவில் உடற்கட்டுக் கலையைப் பொதுமக்களிடையே பரப்பியவர் ஆய்கன் சாண்டோ (1867 - 1925). இவர் 1904-05 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். தமிழில் சாண்டோ என்ற பெயர் உடல் வலிமை மிக்கவர்களுக்கு உரிய பட்டமாகவே நிலைத்துவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு.

இந்தியர் உடலால் வலுவற்றவர் என்ற எண்ணம் ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் பரப்பப்பட்டிருந்தது. அதை மறுக்கும் நோக்கத்துடன் நாட்டின் பல பகுதிகளிலும் உடற்பயிற்சிச் சாலைகள் தோன்றின. எந்தப் பயிற்சி சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை முதலிய நாட்டு முறைகளே போதும் என்றனர் ஒரு சாரார். இரும்பு எடைகளைக் கொண்டு தசைகளை வளர்ப்பதே அறிவியல் முறை என்றனர் மற்றொரு சாரார். ஐயர் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளவில்லை.

வாழ்க்கை

இவர் பழைய மைசூர் அரசைச் சேர்ந்த கோலார் பகுதியில் பிறந்தார். சாண்டோ முதலிய மேலைநாட்டு உடற்கட்டுக் கலைஞர்களின் முறைகளை ஆர்வத்துடன் பயின்றார். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் என்ற பயிற்சிக் கூடத்தை நடத்தினார். பின்னர் அந்நகரின் ஜே. சி. சாலையில் வியாயாமசாலை என்ற நிலையத்தை அமைத்தார். நேரில் வர இயலாதவர்களுக்காக அஞ்சல் வழியிலும் பயிற்சி அளித்தார். இவருடைய ஒளிப்படங்கள் வெளிநாட்டு உடற்பயிற்சி இதழ்களிலும் வெளிவந்தன.

யோகாசன ஆசிரியர் சுந்தரத்துடன் சேர்ந்து ஐயர் விளக்கக் கூட்டங்களையும் நடத்தினார். சுந்தரம் ஆசனங்களையும் ஐயர் தசைக் கட்டுப்பாட்டையும் ஒரே மேடையில் செய்து காட்டினர். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் இவருக்குக் கிடைத்தது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகம் கற்பித்த காலத்தில், அதே வளாகத்தில் ஐயரின் மாணவர் ஒருவர் உடற்கட்டுப் பயிற்சி அளித்து வந்தார்.

பயிற்சி முறை

ஐயர் 1930 ஆம் ஆண்டில் வெளியிட்ட மசில் கல்ட் என்ற ஆங்கில நூலில் எடைப் பயிற்சியையும் ஹட யோகத்தையும் இணைத்துப் பேசினார். எடைகள் தசைக்கு அளவையும் வடிவத்தையும் தருகின்றன. ஆனால் பருத்த தசை மட்டுமே நலமாகாது என்பது இவர் நிலைப்பாடு. உள்ளுறுப்புகளின் நலனுக்கு ஆசனங்களை இவர் இன்றியமையாதவையாகக் கருதினார்.

சூரிய நமஸ்காரத்தை அக்காலத்தில் பெரிதும் பரப்பியவர் ஔந்து சமஸ்தான மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி ஆவார். ஐயர் 1937 இல் இதே பொருள் பற்றித் தனி நூல் எழுதி, அதனை உடற்பயிற்சி என்ற நோக்கிலேயே விளக்கினார். குனிதல், காலைப் பின்னே நீட்டல், தண்டால் நிலை, மார்பை உயர்த்தல், எழுதல் ஆகியவை இடைவெளியின்றித் தொடர்வதால் கால், முதுகு, தோள் ஆகிய பெருந்தசைகள் மாறிமாறி இயங்குகின்றன. பல சுற்றுகள் செய்யும்போது இதயத் துடிப்பும் மூச்சும் விரைவடைகின்றன. கருவி எதுவும் தேவையில்லாததால் வசதியற்றவர்களும் இதனைச் செய்யலாம்.

பிற்கால ஆய்வுகள்

இதய, மூச்சுப் பயிற்சியைக் குறிக்கும் ஏரோபிக்ஸ் என்ற சொல் 1968 இல் வெளியான கென்னத் கூப்பரின் நூலால் பரவியது. ஐயர் மறைந்த 1980 ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முக்கியமான ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் ஒரு குழுவினர் 10 வாரங்கள் கடும் எடைப் பயிற்சியையும் கடும் ஓட்ட, மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தனர். தொடக்கத்தில் கூடிய அவர்களது வலிமை, இறுதி வாரங்களில் மேலும் வளரவில்லை. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் வலிமை தொடர்ந்து கூடியது. ஆதலால் இரண்டையும் கலப்பது தீங்கு என்ற கருத்து நெடுநாள் நிலவியது.

2022 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று இக்கருத்தைத் திருத்தியது. இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியோ உச்ச வலிமையோ குறைவதில்லை என்று அது கண்டது. குதித்தல் போன்ற திடீர் விசைத் திறன் மட்டும், குறிப்பாக இரண்டையும் ஒரே வேளையில் செய்யும்போது, சற்றுக் குறையக்கூடும். உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இதயப் பயிற்சியும், குறைந்தது 2 நாட்கள் தசை வலுப் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்ற ஐயரின் அடிப்படைக் கருத்துக்கு இவை வலுச் சேர்க்கின்றன.

இலக்கியப் பணி

ஐயர் கன்னட நாடகாசிரியர் தி. பி. கைலாசத்தின் நெருங்கிய நண்பர். அவரைப் பற்றிய நினைவுகளை நூலாக எழுதினார். ரவி கலாவிதரு என்ற நாடகக் குழுவையும் நடத்தினார். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் அரசியைப் பற்றிய சாந்தலா என்னும் வரலாற்றுப் புதினம் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. கன்னட வாசகர்களிடையே இவர் உடற்பயிற்சி ஆசிரியராக மட்டுமன்றிப் புதின ஆசிரியராகவும் நினைக்கப்படுகிறார்.

எழுதிய நூல்களுள் சில

மசில் கல்ட் (ஆங்கிலம், 1930)
சூரிய நமஸ்கார் (ஆங்கிலம், 1937)
சாந்தலா (கன்னடப் புதினம்)
ரூபதர்சி (கன்னடப் புதினம்)