நால்வர் சுமந்த சிறுவன்



குண்டசாலையிலிருந்து ஒரு தாய் எமக்கு மடல் வரைந்திருந்தார். ஏழு வயது மகனுக்குப் பார்வை நாளுக்கு நாள் மங்கி வருகின்றது. கரும்பலகையில் எழுதப்படுவது அவனுக்குத் தெரிவதில்லை. இனி அவனைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். இது யார் செய்த பாவமோ என்று உறவினர் சிலர் பேசுவதையும் வேதனையோடு குறிப்பிட்டிருந்தார். அந்தப் பேச்சுக்கு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசுவே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். நாம் அதைக் கிளற வேண்டியதில்லை. தாயின் கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்வைக் கூற விழைகின்றோம்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்த சிமோன் ரெனே பிரெயில், மொனிக் தம்பதியரின் நான்கு பிள்ளைகளுள் கடைக்குட்டியாக 1809 ஜனவரி 4 ஆம் நாள் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது, தோல் துளைக்கும் கருவி அவரது கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்து மற்றக் கண்ணையும் தாக்க, ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. தம் பட்டறையிலே, தம் கைக்கருவியாலே பிள்ளைக்கு நேர்ந்த விபத்து அது. அத்தந்தையின் நெஞ்சம் பட்ட பாட்டைப் பெற்றோராகிய நீங்கள் நன்கறிவீர்கள்.

ஆயினும் அவ்வில்லம் பிள்ளையை மூலையில் அமர்த்தி வைக்கவில்லை. ஊருக்குள் தானே நடந்து திரிவதற்குத் தந்தை கைத்தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணிகளை எழுத்துகளின் வடிவில் அறைந்து, விரலால் தடவி அறியக் கற்பித்தார் என்றும் கூறுவர். 1815 இல் அவ்வூருக்குப் பங்குத்தந்தையாக வந்த ழாக் பலுயி அடிகளார், சிறுவனை அழைத்துத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் அவனை ஊர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு ஆசிரியர் அந்துவான் பெஷரேயிடம் வேண்டினார். பார்வையற்ற பிள்ளையை ஏனையோருடன் அமர்த்திக் கற்பிப்பது அக்காலத்தில் வழக்கமன்று. ஆசிரியர் இசைந்தார். அயல்வீட்டுச் சிறுவனொருவன் நாள்தோறும் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றான்.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரை ஆண்டவரிடம் சுமந்து வந்த நால்வரை நினைத்துப் பாருங்கள். கூரையைப் பிரித்து அவரை இறக்கியவர்களும் அவர்களே. ஒருவர் கைவிட்டிருந்தாலும் கட்டில் சரிந்திருக்கும்.

லூயி செவிவழியே பாடங்களைக் கற்றுச் சிறந்தார். எனினும் வாசிக்கவும் எழுதவும் அங்கே வழியில்லை. பங்குத்தந்தை ஊர்ப் பிரபுவின் உதவியை நாடினார். அதன் பயனாக, பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞர்களுக்கான அரச கல்விக்கூடத்தில் 1819 பெப்ரவரியில் இடம் கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பப் பெற்றோர் எளிதில் துணிந்திருக்க மாட்டார்கள்.

அங்கிருந்தவை புடைப்பெழுத்தில் அமைந்த பெரும் நூல்கள். விரலால் தடவி ஒரு வரியை முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். 1821 இல் சார்ல் பார்பியே என்னும் படை அலுவலர் பன்னிரு புள்ளிகளாலான ஓர் எழுத்துமுறையை அக்கல்விக்கூடத்துக்கு அறிமுகப்படுத்தினார். லூயி அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, பதினைந்தாம் வயதில் தம் முறையை உருவாக்கினார். அது 1829 இல் நூலாக வெளிவந்தது. அவர் அதே கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். ஆலயத்தில் ஓர்கன் வாசித்தார். அதிபர் பினியே அவருக்கு ஊக்கமளித்தார். 1831 இல் மரணப் படுக்கையில் இருந்த தந்தை, தம் மகனைக் கைவிட வேண்டாமென்று அந்த அதிபருக்கே எழுதச் செய்தார்.

காசநோயால் நலிந்த லூயி 1852 ஜனவரி 6 ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று இறைவனடி சேர்ந்தார். அவரது முறையை அக்கல்விக்கூடம் ஏற்றது 1854 இல்தான். இன்று தமிழுக்கும் அந்தப் புள்ளிகள் உண்டு. நம் நாட்டில் மேரி சாப்மன் என்னும் மறைப்பணியாளர் 1912 இல் தொடங்கிய பள்ளி இரத்மலானையில் உள்ளது.

ஆகவே, குண்டசாலைச் சகோதரியே, மகனை வீட்டில் நிறுத்த வேண்டாம். கண் வைத்தியரின் குறிப்பை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரையும் அதிபரையும் சந்தியுங்கள். தனியே செல்லத் தயங்கினால் உங்கள் பங்குத்தந்தையை உடன் அழையுங்கள். வீட்டில் அவன் எதைத் தானே செய்கிறான், எதில் தடுமாறுகிறான் என்பதை ஆசிரியர் உங்களிடமிருந்தே அறிய முடியும்.

ஒன்றைக் கூறாமல் விட்டோம். ஆறு புள்ளி எழுத்தைக் கல்விக்கூடத்தார் அறிவர்; ஊரிலிருந்த பெற்றோர் அறியார். வீட்டுக்கு மடல் எழுத மாணவர் பிறர் கையை நாட வேண்டியிருந்தது. இக்குறை லூயியை வருத்தியது. புள்ளிகளாலேயே வழக்கமான பிரெஞ்சு எழுத்துகளின் உருவை வரையும் மற்றொரு முறையை 1839 இல் அவர் வெளியிட்டார். அதன் பின்னர் பாரிஸிலிருந்து மாணவர் தம் கையால் எழுதிய மடலை வீட்டார் தம் கண்ணால் வாசித்தனர்.