கிளாஸ்ரூமில் தொடங்கிய ரெண்டு வயர்: ரூம் தெர்மோஸ்டாட் தந்த வாரன் ஜான்சன் யார்?

பிரிட்டனில் பல வீடுகளின் கிச்சன் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கும். அதுதான் காம்பி பாய்லர். கேஸில் ஓடும் இந்த ஒரே பெட்டி குழாய்க்கு வெந்நீர் தரும், குளிர்காலத்தில் ரூம்களில் உள்ள ரேடியேட்டர்களையும் சூடாக்கும். இப்போது பலரும் அதோடு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை இணைத்து, ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே மொபைலில் வீட்டைச் சூடாக்கிவிடுகிறார்கள்.

ஆப், வைஃபை எல்லாம் புதுசு. ஆனால் பாய்லருக்குச் சிக்னல் கொண்டுபோவது பெரும்பாலும் ரெண்டே ரெண்டு வயர். அதில் போகும் தகவலும் ஒன்றுதான்: சூடு வேண்டுமா, வேண்டாமா? இந்தத் தகவலை ரூமிலிருந்து மின்சாரத்தில் அனுப்பும் கருவிக்கு 1883-லேயே காப்புரிமை வாங்கியவர், ஒரு வாத்தியார்.

யார் இந்த வாரன் ஜான்சன்?

வாரன் சீமோர் ஜான்சன் 1847-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தது. பெரிய படிப்பு எதுவும் கிடையாது. அச்சுத் தொழில், நில அளவை, பள்ளி ஆசிரியர் வேலை எனப் பலதையும் பார்த்தார். 1876-ல் ஒயிட்வாட்டர் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

கிளாஸில் என்ன பிரச்னை?

விஸ்கான்சின் குளிர் சாதாரணக் குளிர் இல்லை, தண்ணீரே உறைந்துவிடும். கல்லூரியின் அடித்தளத்தில் அடுப்பு எரியும். அங்கிருந்து சூடு மேலே வகுப்புகளுக்கு வரும். எந்த ரூம் கொதிக்கிறது, எது குளிர்கிறது என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. அதனால் கட்டட ஊழியர் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் நுழைந்து பார்ப்பார். பிறகு படியிறங்கிப் போய் அடுப்பின் காற்றுத் தடுப்புகளைத் திறப்பார் அல்லது மூடுவார்.

நாள் முழுக்க இதே கதைதான். பாடம் பாதியில் நிற்கும், ரூமும் சரியான சூட்டுக்கு வராது. ஜான்சனுக்கு இது பிடிக்கவில்லை.

அவர் செய்தது என்ன?

ரெண்டு வேறு வேறு உலோகப் பட்டைகளை ஒன்றாக ஒட்டிச் சூடேற்றினால், ஒன்று அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். அதனால் பட்டை வளையும். ஜான்சன் இந்த வளைவையே ஸ்விட்ச்சாகப் பயன்படுத்தினார். ரூமில் வெப்பம் மாறினால் பட்டை அசையும், மின்சுற்று இணையும், அடித்தளத்தில் மணி அடிக்கும். ஊழியர் வகுப்புக்கு வராமலேயே அடுப்பைச் சரிசெய்யலாம்.

ஆனாலும் அடுப்பைச் சரிசெய்ய இன்னும் ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவரையும் விலக்குவதுதான் அடுத்த படி. 1885-ல் மில்வாக்கி நகரில் முதலீட்டாளர்களோடு கம்பெனி தொடங்கினார். வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கண்டுபிடிப்பாளர் ஆனார். ரூமில் உள்ள தெர்மோஸ்டாட் அழுத்தக் காற்றைக் கட்டுப்படுத்தும். அந்தக் காற்று வால்வைத் தானாகத் திறந்து மூடும். இப்படி ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனி வெப்பம் வைக்கும் சிஸ்டத்துக்கு 1895-ல் காப்புரிமை கிடைத்தது. பெரிய கட்டடங்கள் கஸ்டமர்கள் ஆயின.

அவர் மனசு எங்கே இருந்தது?

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒரே பொருளை விற்றுக்கொண்டு உட்காரும் ஆள் இல்லை ஜான்சன். ராட்சத கோபுரக் கடிகாரங்கள் செய்தார். பிலடெல்பியா சிட்டி ஹால் கோபுரக் கடிகாரம் அவர் கம்பெனி செய்ததுதான். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பூக்களால் ஆன பிரம்மாண்ட கடிகாரமும் வைத்தது.

வயர்லெஸ் தந்தியிலும் இறங்கினார். பின்னாளில் ரேடியோ உலகில் பெரிய பெயர் எடுத்த லீ டி ஃபாரஸ்ட் அந்த முயற்சியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அது பெரிதாகப் போகவில்லை. அடுத்து ஆட்டோமொபைல். நீராவியில் ஓடும் வண்டிகளும் தயாரித்தார். கம்பெனியின் எதிர்காலம் கார்தான் என்று உறுதியாக நம்பினார். மற்ற பங்குதாரர்கள் அவ்வளவாக நம்பவில்லை.

1911-ல் ஜான்சன் இறந்தார். அவர் கையில் 50-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. அடுத்து வந்த நிர்வாகம் கார் பிசினஸை மூடியது, மற்றவற்றையும் கைவிட்டது. வெப்பக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டது. அவர் எதை எதிர்காலம் என்று நினைத்தாரோ, அது போய்விட்டது. வகுப்பறைத் தொல்லைக்காகச் செய்ததுதான் நின்றது. அந்தக் கம்பெனி ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

இன்றைய பாய்லரில் அந்த ரெண்டு வயர் எப்படி?

பல ஸ்மார்ட் கிட்களில் பாய்லர் பக்கத்தில் ரிசீவர் என்ற சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். ரூம் குளிர்ந்தால் ரிலே இணையும், பாய்லர் எரியும். சூடு போதும் என்றால் பிரியும். ஜான்சனின் உலோகப் பட்டைக்குப் பதில் சென்சார், மணிக்குப் பதில் ரிலே.

வயரிங்கில் வழக்கமாக வரும் தவறுகள் ரெண்டு:

• பல பாய்லர்களில் தெர்மோஸ்டாட் டெர்மினல்களை இணைத்து ஒரு குட்டி வயர் கம்பெனியிலேயே போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாவிட்டால், தெர்மோஸ்டாட் என்ன சொன்னாலும் பாய்லர் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

• சில பாய்லர்களின் கட்டுப்பாட்டு டெர்மினல் 230 வோல்ட், சிலவற்றில் குறைந்த வோல்ட். குறைந்த வோல்ட் டெர்மினலில் 230 வோல்ட் போனால் பாய்லரின் சர்க்யூட் போர்டு புகைந்துவிடும்.

இன்னொன்று: காம்பியில் குழாய்த் தண்ணீருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் பொதுவாகச் சம்பந்தம் இல்லை. குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓட்டத்தை உணர்ந்து பாய்லரே எரியும். தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்வது ரேடியேட்டர்களை மட்டும்தான்.

ஓபன்தெர்ம் வசதியுள்ள பாய்லர்களில் இதே ரெண்டு வயர் இன்னும் கொஞ்சம் பேசும். ஆன், ஆஃப் மட்டும் சொல்லாமல், தண்ணீரை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்றும் சொல்லும்.

கேஸும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், பிரிட்டனில் பாய்லர் மூடியைத் திறக்கும் வேலைக்குக் கேஸ் சேஃப் பதிவு பெற்ற டெக்னீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். அடுப்பைக் கவனிக்க ஆள் வேண்டாம் என்று ஆக்கினார் ஜான்சன். வயரை மாட்டுவதற்கு இன்னும் ஆள் வேண்டும்.