கட்டுமரத்தைப் படித்த ஆங்கிலேயர்

ஏற்காடு ஏரியில் படகுச் சவாரி போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? காற்று பலமாக வீசினாலும் அங்கே எழுவது சிற்றலைதான். அதையே பார்த்து வளர்ந்த சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு, ஆளுயர அலையில் ஒரு சிறு படகு எப்படித் தப்புகிறது என்று புரியவைப்பது ஆசிரியரான எனக்குப் பெரும்பாடாக இருக்கும். அப்போதெல்லாம் ஜேம்ஸ் ஹார்னெல் கதையைத்தான் சொல்வேன்.

ஹார்னெல் 1865ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர். கடல்வாழ் உயிர்களை ஆராய்வது அவர் தொழில். 1902இல் முத்துச் சிப்பிகளை ஆராய இலங்கைக்கு வந்தார். பிறகு சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். சிப்பியும் சங்கும் தேடிக் கடலோரம் அலைந்தவருக்கு, மீனவர்களின் படகுகள் மீது தீராத ஆசை பிறந்தது.

அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று நம் கட்டுமரம். எடை குறைந்த சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். பக்கச் சுவர் கூடக் கிடையாது. படகென்றால் தண்ணீரை உள்ளே விடக்கூடாது அல்லவா? கட்டுமரமோ தடுப்பதே இல்லை! மேலே ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். நீர் தேங்க இடமில்லை. அதனால் மூழ்குவதும் இல்லை. கவிழ்ந்தாலும் மிதக்கும். மீனவர் அதைப் புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்வார். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். நீர் ஊறினால் கனத்துவிடுமே!

இன்னொன்று மசூலா படகு. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பல்கள் தொலைவிலேயே நின்றுவிடும். பயணிகளைக் கரைக்குக் கொண்டுவந்தது இந்தப் படகுதான். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பலகை பிளந்துவிடும். மசூலாவின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிப் போட்டால் சற்றே வளைந்துகொடுக்கும், உடையாது. அப்படியும் சில நேரம் கவிழ்ந்துவிடும். அதற்காகவே கட்டுமரக்காரர்கள் பக்கத்தில் வருவார்கள். நீரில் விழுந்தவர்களைக் குதித்துத் தூக்குவார்கள். எத்தனை உயிர்களை அவர்கள் காப்பாற்றினார்களோ! அவர்களின் பெயர்கள் நம் பாடப் புத்தகத்தில் இல்லையே என்பது என் நெடுநாள் குறை.

இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் ஹார்னெல் ஒரு நூல் வெளியிட்டார். ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. பசிபிக் தீவுகளுக்குப் போய், அங்குள்ள தோணிகளையும் ஆராய்ந்தார். அத்தீவு மக்களின் படகுக் கலை தென்னிந்தியாவுக்கும் வந்தது என்று கருதினார். அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை. உலகப் படகுகளின் வரலாற்றைச் சொல்லும் பெரிய நூல் 1946இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1949இல் காலமானார்.

இரண்டு உடல்களை இணைத்துச் செய்யும் நவீனப் படகை இன்று உலகமே 'கேட்டமரான்' என்கிறது. கட்டுமரம் என்ற நம் சொல்தான் அது. பெயர் மட்டும்தான் நம்முடையது. அந்த இரட்டை உடல் அமைப்பு, ஹார்னெல் தேடிப்போன பசிபிக் தீவுத் தோணிகளுடையது.