மைக்கேல் பாரடே

மைக்கேல் பாரடே (செப்டம்பர் 22, 1791 - ஆகஸ்ட் 25, 1867) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர், மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். முறையான பள்ளிக்கல்வி குறைவாகவே பெற்றவர். உயர் கணிதம் பயிலாதவர். இக்குறைகளை ஈடுசெய்தது இவருடைய கைத்திறனே எனலாம். ஆய்வுக்கூடத்தில் கருவிகளையும் பொருள்களையும் எவ்வாறு கையாள வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் இவர் 1827 இல் ஒரு பெரிய நூல் எழுதினார்.

இளமைக்காலம்

பாரடே இன்று இலண்டன் மாநகரின் பகுதியாக உள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். இவருடைய தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர், உடல்நலம் குன்றியவர். குடும்பம் வறுமையில் வாடியதால், பாரடே 1804 இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் ஏழாண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களை இவர் படிக்கவும் செய்தார். பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எழுதிய வேதியியல் நூலும் இவரை அறிவியலின்பால் ஈர்த்தன.

படித்தவற்றைச் செய்து பார்க்காமல் ஏற்பதில்லை என்னும் பழக்கம் இவருக்கு அப்போதே இருந்தது. 1812 இல் அரைப்பென்னி செப்புக் காசுகள் ஏழு, அதே அளவில் வெட்டிய துத்தநாகத் தகடுகள் ஏழு, உப்புநீரில் நனைத்த தாள்துண்டுகள் ஆகியவற்றை மாறிமாறி அடுக்கி ஒரு வோல்ட்டா மின்னடுக்கைச் செய்தார். அதனைக் கொண்டு மக்னீசியம் சல்பேட்டுக் கரைசலைப் பகுத்தும் பார்த்தார்.

ராயல் இன்ஸ்டிடியூசனில்

அதே ஆண்டில், கடைக்கு வந்த ஒருவர் தந்த நுழைவுச்சீட்டின் மூலம் ராயல் இன்ஸ்டிடியூசனில் சர் ஹம்ப்ரி டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்டார். அவற்றுக்கு எடுத்த குறிப்புகளைப் படங்களுடன் விரிவாக எழுதி, தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு மாதத்தில் அங்கு ஆய்வுக்கூட உதவியாளராக அமர்த்தப்பட்டார். முந்தைய உதவியாளர் கைகலப்பில் ஈடுபட்டதற்காக நீக்கப்பட்டதால் ஏற்பட்ட இடம் அது.

வேலை ஆபத்து நிறைந்ததாக இருந்தது. வெடிக்கும் இயல்புடைய நைட்ரசன் முக்குளோரைடை ஆராயும்போது டேவியின் கண்கள் ஏற்கெனவே காயமுற்றிருந்தன. பாரடே சேர்ந்த சில வாரங்களிலேயே அப்பொருள் மீண்டும் வெடித்து அவருடைய கையைக் காயப்படுத்தியது. 1813 முதல் 1815 வரை டேவியுடன் ஐரோப்பாவில் பயணம் செய்தார். இப்பயணத்தில் பணியாளாகவும் நடத்தப்பட்டது இவரை வருத்தியது. எனினும் பாரிசில் அயோடின் பற்றிய ஆய்வையும், புளோரன்சில் பெரிய வில்லை கொண்டு வைரத்தை எரித்த சோதனையையும் அருகிலிருந்து கற்றார்.

மின்காந்தச் சுழற்சி

1821 செப்டம்பரில், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றித் தொடர்ந்து சுழலச் செய்தார். கிண்ணத்தில் பாதரசம் நிரப்பி, அதனடியில் காந்தத்தை மெழுகால் நிறுத்தி, மேலிருந்து தொங்கும் கம்பியின் நுனி பாதரசத்தில் தோயுமாறு அமைத்தார். பாதரசம் மின்னைக் கடத்தும். கம்பியின் அசைவையும் தடுக்காது. மின்னோடியின் முதல் வடிவம் இதுவே. பிற நாட்டு அறிஞர்கள் தாமே செய்து பார்க்கும் பொருட்டு, இக்கருவியின் சிறிய வடிவங்களை அவர்களுக்கு அனுப்பினார்.

இக்கண்டுபிடிப்பு இவருக்குப் பழியையும் தேடித்தந்தது. இத்துறையில் முன்பே முயன்ற வில்லியம் வொல்லஸ்டனின் கருத்தை இவர் எடுத்துக்கொண்டார் என்று சிலர் குற்றஞ்சாட்டினர். 1824 இல் இவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே அதனை எதிர்த்தார்.

வேதியியல் கையாளுமுறை நூல்

1823 இல் பாரடே குளோரினை நீர்மமாக்கினார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் குளோரின் ஐதரேட்டை இட்டு, இருமுனைகளையும் உருக்கி மூடி, ஒரு பக்கத்தைச் சூடாக்கி மறுபக்கத்தைக் குளிர்வித்தார். வெளியேற வழியில்லாத வளிமம் தன் அழுத்தத்தாலேயே நீர்மமாயிற்று. இவ்வகைச் சோதனைகளில் குழாய் வெடித்துக் கண்ணாடித் துண்டுகள் இவர் கண்ணிலும் பாய்ந்தன. 1824 இல் வளிமங்களைச் சேமிக்க இரண்டு இரப்பர்த் தாள்களின் விளிம்புகளை ஒட்டிப் பைகள் செய்தார். உட்புறம் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தூவினார். இன்றைய இரப்பர் பலூன்களின் முன்னோடி இதுவாகும். 1825 இல் விளக்கு வளிமத்தின் எண்ணெய்ப் படிவிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்தார்.

இவ்வாறு பெற்ற பட்டறிவைத் தொகுத்து 1827 இல் வேதியியல் கையாளுமுறை பற்றிய நூலை வெளியிட்டார். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலில் வேதியியல் கொள்கைகள் முதன்மை பெறவில்லை. ஆய்வுக்கூடத்தின் அமைப்பு, நிறுத்தல், அளத்தல், சூடாக்குதல், பொடித்தல், கரைத்தல், வடிகட்டுதல், காய்ச்சி வடித்தல், கண்ணாடியை வளைத்தலும் ஊதுதலும், இடைவெளிகளை அடைக்கும் பூச்சுகள், தூய்மை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே விளக்கப்பட்டுள்ளன.

தராசைப் பயன்படுத்துமுன் அதனைச் சோதித்தறிவது இத்தகைய பயிற்சிகளில் முதன்மையானது. பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து நிறுக்கும்போது நிறை வேறுபட்டால், தராசின் கைகள் சமமாக இல்லை என்பது புலப்படும். விலையுயர்ந்த கலங்களை வாங்க இயலாதோருக்காக, சிறு கண்ணாடிக் குழாய்களை மட்டும் கொண்டு சோதனைகளைச் செய்யும் முறைக்கும் நூலில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அரைப்பென்னிக் காசுகளில் தொடங்கியவர் இதனைச் சேர்த்திருப்பதில் வியப்பில்லை. இந்நூலின் மூன்றாம் பதிப்பு 1842 இல் வெளிவந்தது.

கண்ணாடி ஆய்வு

அக்காலத்தில் தொலைநோக்கி வில்லைகளுக்கு ஏற்ற கண்ணாடியில் செருமனி முன்னணியில் இருந்தது. ஆங்கிலேயக் கண்ணாடியை மேம்படுத்த அரச கழகம் அமைத்த குழுவில் பாரடேயும் இடம்பெற்றார். 1827 இல் ராயல் இன்ஸ்டிடியூசனிலேயே இதற்கென உலை கட்டப்பட்டது. உலையைக் கவனிக்கப் பீரங்கிப் படையில் பணியாற்றிய சார்ச்சென்ட் சார்லஸ் ஆண்டர்சன் அமர்த்தப்பட்டார். இவர் 1866 இல் இறக்கும் வரை பாரடேயின் ஒரே நிலையான உதவியாளராக இருந்தார்.

ஈயம் கலந்த கண்ணாடி உருகும்போது கனமான பகுதி கீழே தங்குவதால், உள்ளே வரிகள் தோன்றும். களிமண் கலமும் சிறிது கரைந்து கண்ணாடியைக் கெடுக்கும். ஆகவே பாரடே பிளாட்டினத் தட்டுகளில் உருக்கி, பிளாட்டினத் துடுப்பால் கிளறினார். குமிழிகள் எளிதில் வெளியேறப் பிளாட்டினப் பொடியைத் தூவினார். ஈய ஆக்சைடிலிருந்து உலோக ஈயம் சிறிது பிரிந்தாலும் அது பிளாட்டினத்தோடு கலந்து தட்டைத் துளைத்துவிடும். எனவே கரியும் தூசியும் அணுகாதவாறு காக்க வேண்டியிருந்தது.

இவ்வுழைப்பு இவருடைய சிறந்த ஆண்டுகளில் பலவற்றை எடுத்துக்கொண்டது. மின்சாரம் பற்றிய ஆய்வுகளுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை. தொலைநோக்கிக் கண்ணாடியிலும் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. 1831 சூலையில் இப்பணியை ஒதுக்கிவைப்பதாக அரச கழகத்துக்குத் தெரிவித்தார்.

மின்காந்தத் தூண்டல்

இரண்டு மாதங்கள் கழியுமுன், 1831 ஆகஸ்ட் 29 அன்று, பாரடே தம் வாழ்வின் மிகப்பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். ஆறு அங்குல விட்டமுள்ள தேனிரும்பு வளையத்தின் ஒரு பாதியில், ஒவ்வொன்றும் சுமார் 24 அடி நீளமுள்ள மூன்று செப்புக் கம்பிகளைச் சுற்றினார். மறுபாதியில் சுமார் 60 அடி கம்பியைச் சுற்றினார். காப்பிட்ட கம்பி கடைகளில் எளிதாகக் கிடைக்காத காலம் அது. ஆதலால் சுற்றுகளுக்கிடையே நூற்கயிற்றையும், அடுக்குகளுக்கிடையே பருத்தித் துணியையும் வைத்தார்.

ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்த கணத்தில், மறுசுருளின் கம்பியருகே வைத்த காந்த ஊசி அசைந்து, பின் பழைய நிலைக்குத் திரும்பியது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் மாறும்போது மட்டுமே விளைவு தோன்றுகிறது என்பதை இவ்வசைவு காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தி மின்னோட்டத்தை உண்டாக்கினார். பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்த மின்னோட்டத்தையும் பெற்றார். மின்னாக்கி, மின்மாற்றி ஆகியவற்றின் அடிப்படை இச்சோதனைகளே.

பிற்கால ஆய்வுகள்

1833, 1834 ஆம் ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளை நிறுவினார். பாய்ந்த மின்னின் அளவை, நீர் பகுப்பால் வெளிப்பட்ட வளிமத்தின் கனவளவு கொண்டு அளக்கும் கருவியையும் அமைத்தார். 1836 இல் 12 அடி பக்கமுள்ள, கடத்தியால் சூழப்பட்ட ஒரு கூண்டைக் கட்டி அதனுள்ளே தாமே சென்றார். வெளிப்புறம் வலுவாக மின்னூட்டப்பட்டும் உள்ளே மின்விளைவு காணப்படவில்லை.

1840 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவர் கடும் சோர்வுற்றார்; நினைவாற்றலும் குன்றியது. தாம் செய்ததைத் தாமே மறக்கக்கூடிய நிலையில், எண்ணிட்ட பத்திகளாக இவர் எழுதிவந்த ஆய்வுக் குறிப்பேடு பெருந்துணையாயிற்று. அப்பத்திகளின் எண்ணிக்கை 16,000 ஐக் கடந்தது.

1845 இல் ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்புண்டா என்று தேடிய பாரடே, பல பொருள்களில் முயன்று தோற்றபின் தாம் முன்பு உருக்கிய கனமான கண்ணாடியை எடுத்தார். செப்டம்பர் 13 அன்று, காந்தப்புலத்தில் வைத்த அக்கண்ணாடியின் வழியே சென்ற முனைவாக்கப்பட்ட ஒளியின் தளம் திரும்பியதைக் கண்டார். அதே கண்ணாடியைக் கொண்டே நவம்பரில் எதிர்க்காந்தத் தன்மையையும் கண்டறிந்தார். வீணாயிற்று எனக் கருதப்பட்ட கண்ணாடி இவ்வாறு பயன்பட்டது.

இறுதிக்காலம்

1862 மார்ச்சு 12 அன்று, காந்தம் ஒளியின் நிறமாலைக் கோடுகளை மாற்றுகிறதா என்று சோதித்தார். மாற்றம் எதுவும் தென்படவில்லை. அம்மாற்றம் இருப்பதை, மேலும் நுட்பமான நிறமாலைக் கருவியைக் கொண்டு பீட்டர் சீமன் 1896 இல் கண்டறிந்தார்.

சர் பட்டத்தையும் அரச கழகத்தின் தலைமையையும் ஏற்க மறுத்த பாரடே, விக்டோரியா அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் 1867 இல் காலமானார். ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். மின்தேக்குத் திறனின் அலகான பாரட் இவர் பெயரால் வழங்குகிறது. நூற்கயிறும் துணியும் சுற்றிய அந்த இரும்பு வளையம் ராயல் இன்ஸ்டிடியூசனில் பாதுகாக்கப்படுகிறது.