இரமணர் கண்ட ‘நான்’

மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துவந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர், 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பாடம் படிக்காததற்குத் தண்டனை. நம்மில் பலருக்கும் பழக்கமானதுதான்! இருமுறை எழுதியவர், மூன்றாம் முறை எழுத மனமின்றித் தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டார். அச்சொல் தம்பிக்கு நியாயமாகவே பட்டது. சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார். பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய்த் தம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்ட அவரே பின்னாளில் இரமண மகரிஷி எனப் பெயர் பெற்றார்.

அந்தக் கடிதத்தைப் பற்றி நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தம் தந்தையைத் தேடி, அவர் ஆணைப்படியே செல்வதாக அதில் கண்டிருந்தது. பெற்ற தந்தை சுந்தரமய்யரோ 1892லேயே காலமாகிவிட்டார். முதலில் ‘நான்’ என்று தொடங்கியவர், அடுத்த வாக்கியத்திலேயே தம்மை ‘இது’ என்று குறிக்கிறார். முடிவில் கையெழுத்தே இல்லை, வெறும் கோடுகள்தாம். இலக்கணப் பாடத்தை ஒதுக்கியவர் தன்மையிலிருந்து அஃறிணைக்கு மாறிவிட்டார்! ஆனாலும் அண்ணனின் சம்பளம் கட்டப்படவில்லை என்பதைக் குறிப்பிட மறக்கவில்லை.

அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், சிற்றப்பா வீட்டு மாடியில் தனித்திருந்தபோது, திடீரென மரண பயம் அவரைப் பற்றியது. உடலில் நோய் ஒன்றுமில்லை. வைத்தியரையோ வீட்டாரையோ அழைக்காமல், பிணம்போல் கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்தார், மூச்சை அடக்கினார். உடல் செத்தால் எது சாகிறது, எது எஞ்சுகிறது என்று உள்ளே நோக்கினார். உடல் போயினும் அறிவாய் விளங்கும் ஒன்று போவதில்லை என்பது அவருக்கு அனுபவமாயிற்று. இதில் கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் அதன்பின் அவர் நாடோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று, அறுபத்து மூவர் திருவுருவங்களின் முன் நின்று கண்ணீர் பெருக்கினார்.

செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தவர், பின் அவ்வூரை விட்டு அகலவேயில்லை. 1902ஆம் ஆண்டையொட்டி, தத்துவம் பயின்றவரும் வருவாய்த் துறை ஊழியருமான சிவப்பிரகாசம் பிள்ளை மலைமேல் விரூபாட்சி குகைக்கு வந்து கேள்விகள் கேட்டார். பேசாதிருந்த இளந்துறவி மணலிலும் பலகையிலும் விடை எழுதிக் காட்டினார். ‘நான் யார்?’ என்னும் நூல் இவ்வாறு பிறந்தது. சூரியன் எதையும் விரும்பாமல் உதிக்கிறது. அதன் முன்னிலையில் தாமரை மலர்கிறது, நீர் வற்றுகிறது, மக்கள் தத்தம் வேலையைச் செய்கிறார்கள். இறைவனும் அப்படியே, எந்தச் சங்கல்பமும் இல்லாதவன் என்கிறது அந்நூல். ‘நான்’ என்னும் எண்ணம் எழுமிடத்தைத் தேடி அது அடங்கினால் எஞ்சும் உணர்வே இறைவன் என்பது அவர் கொள்கை.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தானே இறை என்றால் யாரை வேண்டுவது? சங்கல்பமே இல்லாத இறைவனிடம் கேட்டுத்தான் என்ன பயன்? விடுதியில் நண்பர்களும் என்னை இவ்வாறு மடக்கியிருக்கிறார்கள். தருக்கத்தில் இதற்கு விடை தேடி நான் நிறைவு அடையவில்லை. அவர் வாழ்வில்தான் ஒரு விடை கிடைத்தது.

1898இல் அன்னை அழகம்மாள் மகனைக் கண்டுபிடித்து, வீடு திரும்புமாறு அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. நடக்கவேண்டியது நடந்தே தீரும், நடவாதது எத்தனை முயன்றாலும் நடவாது, ஆகவே மௌனமே நன்று என்ற கருத்துப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். தாய் வெறுங்கையோடு திரும்பினார். படிக்கும்போது மனம் சற்றுக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் 1914இல், மகனைப் பார்க்க வந்த இடத்தில் அதே தாய் கடுங்காய்ச்சலில் விழுந்தபோது, அதே மகன் அருணாசலத்தை நோக்கித் தாயின் காய்ச்சலைத் தணிக்குமாறு பாடல்கள் இயற்றி வேண்டினார். காய்ச்சலும் தணிந்தது. 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலையும் ஏறத்தாழ அக்காலத்ததே. அதில் அவர் அருணாசலனை நாயகனாகக் கொண்டு கெஞ்சுகிறார், ஊடுகிறார். இதை முரண் என்பாருமுளர். நான் அவ்வாறு கருதவில்லை. தன்னை ஆராய்ந்து ‘நான்’ அடங்குவதும், இறைவன்முன் வீழ்ந்து ‘நான்’ அடங்குவதும் ஒன்றே என்று அவர் அடியார்களுக்குச் சொல்லிவந்தார். தமக்கும் அப்படியே வாழ்ந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1916 முதல் அன்னை மகனுடனேயே தங்கினார். 1922 மே 19ஆம் நாள் அவர் உயிர் பிரியும்வரை, ஒரு கையை மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மகன் அருகே அமர்ந்திருந்தார். அச்சமாதியைச் சுற்றியே இரமணாசிரமம் எழுந்தது. அங்குக் கட்டப்பட்ட மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அவ்வாண்டிலேயே அவர் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டி நான்குமுறை அறுக்கப்பட்டும் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மாலை, அறைக்கு வெளியே கூடியிருந்த அடியார்கள் அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அதைக் கேட்டதும் அவர் கண் திறந்தார். கடைக்கண்ணில் நீர் வழிந்தது. இரவு 8.47 மணிக்கு மூச்சு நின்றது.