பதுளையில் பிறந்தவர் கண்ட கறுப்பு முத்துக்கள்

ஹரி சென் ஜோன் பில்பி 1885 ஏப்ரல் 3ஆம் திகதி பதுளையில் ஒரு தோட்டத்துரையின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பயின்று, 1908இல் இந்திய சிவில் சேவையில் சேர்ந்தார். 1917இல் பிரித்தானிய அரசு அவரை இப்னு சுஊதிடம் தூது அனுப்பியது. அரேபியாவே பின்னர் அவரது வாழ்விடமாயிற்று. 1930இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பெற்றார்.

ருப்உல் காலிப் பாலைவனத்தில் வபார் என்றொரு நகரம் இருந்ததாகவும், ஆத் கூட்டத்து மன்னனின் பாவத்தால் அது வான்நெருப்பில் எரிந்ததாகவும் நாடோடி அறபிகள் கூறி வந்தனர். அல்குர்ஆன் கூறுவதோ ஆத் கூட்டத்தார் கடுங்காற்றால் அழிக்கப்பட்டதை. நெருப்பும் வபாரும் மக்கள் வழக்கிலிருந்த கதை. அங்கே ஒட்டகமளவு இரும்பு கிடப்பதாகவும் பேச்சிருந்தது.

1932 பெப்ரவரியில் பில்பி அவ்விடத்தை அடைந்தார். மதிற்சுவர் போலத் தெரிந்த மேட்டில் ஏறிப் பார்த்தால் நகரம் இல்லை. மணல் மூடிய வட்டப் பள்ளங்களே இருந்தன. பெரியது ஏறத்தாழ 100 மீற்றர் அகலம். சுற்றிலும் பளபளக்கும் கறுப்பு மணிகள். உடன் வந்தோர் ஆத் குலப் பெண்களின் முத்துக்கள் என்று பொறுக்கினர். பில்பி எரிமலை வாய் என்று எண்ணினார்.

ஏமாற்றத்தோடு திரும்பினாலும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அக்கறுப்பு மணிகளையும் சுமார் 11 கிலோ இரும்புத் துண்டொன்றையும் கொண்டுவந்தார். பிரித்தானிய நூதனசாலையின் லெனாட் ஸ்பென்சர் அவற்றை ஆராய்ந்து, இரும்பு விண்கல் ஒன்று விழுந்த இடம் அது என்று கண்டார்.

எங்கள் மாவட்டத்து நாத்தாண்டியா வெண்மணல் கண்ணாடியாவதற்குச் சோடாவும் சுண்ணாம்பும் கலந்து உலையில் நெடுநேரம் உருக வேண்டும். வபாரிலோ மோதலின் வெப்பமே மணலை நொடியில் உருக்கியது. பளிங்குருப் பெறுமுன் குளிர்ந்ததால் அது கண்ணாடியாயிற்று. அதனுள் விண்கல்லின் இரும்பும் நிக்கலும் நுண்துளிகளாகச் சிக்கிக்கொண்டன. எரிமலைக் கண்ணாடியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டிய சாட்சி அத்துளிகளே.

இத்தகைய உருகிய பாறையைக் கொண்டே பழைய மோதல்களையும் அறிகின்றனர். கனடாவின் மனிக்குவாகனில் அவ்வாறு உருகிய பாறைக்கு வயது ஏறத்தாழ 21 கோடி ஆண்டுகள்.

பில்பி 1960 செப்டெம்பர் 30ஆம் திகதி பெய்ரூத்தில் காலமானார். ஆறாண்டுகளின் பின் வபாரில் ஏறத்தாழ 2 தொன் எடையுள்ள இரும்புப் பாறை கண்டெடுக்கப்பட்டது. ஒட்டகமளவு இரும்பு என்ற பேச்சு முற்றிலும் கற்பனையல்ல. தேடிய நகரம் கிடைக்காதபோதும், விளங்காத கல்லை எறிந்துவிடாமல் சுமந்து வந்ததே பில்பி அறிவுலகுக்குச் செய்த உதவி.